சாமியாரின் கையைப் பிடித்த நாள்

மாதா கோயில் பங்குச் சாமியாரின் கையை நான் பிடித்துவிட்டேன். மரியாதையாகத் தொட்டு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

அவர் விரல்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்று இருந்தது. கட்டிலில் ஜெயராணி அக்கா கண்ணை மூடி, நாக்கை நீட்டிக் காத்திருந்தார். வாதம் வந்து அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. மூக்கு வழியாக உணவு போகக் குழாய் போட்டிருந்தார்கள். முக்காடு போட்ட பெண்களும் கைகட்டிய ஆண்களுமாக அவருடைய கிராமமே கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வாசனையும் ஃபினாயில் வாசனையும் வார்டு முழுக்கக் கலந்து கிடந்தன.

"சாமி, வேணாம்! வாயில குடுக்காதீங்க!" என்று கத்தினேன்.

ஜெபம் நின்றது. சாமியாருக்கு என்னைவிட வயது குறைவு. பாவம், முகம் சிவந்துபோய் என்னையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெயராணி அக்காவின் அண்ணன் அல்போன்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யாரும்மா நீ? சாமி கையையே புடிச்சி இழுக்கிற?"

"நான் இங்க பேச்சுப் பயிற்சி குடுக்கிறவ. இவங்களால இப்ப எதையும் முழுங்க முடியாது. அந்த அப்பம் தொண்டையில மாட்டிக்கும்."

"நன்மை மாட்டிக்குமா? ஆண்டவர் மாட்டிக்குவாரா?" அவர் குரல் வார்டின் கடைசி வரைக்கும் கேட்டது. "பேச்சு டீச்சருக்கும் நன்மைக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

கத்தோலிக்கர்கள் பூசையில் அந்த அப்பத்தை வாங்குவதை 'நன்மை வாங்குவது' என்று சொல்வார்கள். நான் தொண்டூர்க்காரி. எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் இத்தனை மாதா கோயில்களோடு வளர்ந்தவளுக்கு நன்மை என்றால் என்னவென்று தெரியாமல் இருக்காது. சாகக் கிடக்கிறவருக்கு அது கிடைக்காமல் போனால் குடும்பம் காலத்துக்கும் ஆற்றாமையோடு இருக்கும் என்பதும் தெரியும்.

சாமியார் அப்பத்தைச் சிமிழுக்குள் வைத்து மூடினார். அக்காவின் நெற்றியில் எண்ணெய் மட்டும் பூசினார். நீட்டிய நாக்கு நீட்டியபடி இருந்த அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். நன்மை வரவில்லை என்று அவருக்குப் புரிந்தது. யார் தடுத்தது என்பதும் புரிந்தது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அன்றைக்கே அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால், நன்மை வாங்கவிடாமல் அனுப்பியவள் என்று அந்த ஊர் என்னை ஆயுசுக்கும் மன்னித்திருக்காது. ஆனால் நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை.

பேச்சு டீச்சருக்கு இங்கே என்ன வேலை?

இந்தத் தொடரில் இதுவரை குழந்தைகளைப் பற்றித்தான் எழுதிவந்தேன். திக்கிப் பேசுகிறவர்கள், காது மெஷின் போட்டு முதல் வார்த்தை பேசியவர்கள் என்று. பெரியவர்களிடம் உங்களுக்கு வேலையே இல்லையா என்று சில வாசகர்கள் கேட்டார்கள். அல்போன்ஸ் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது நைனாவுக்கு ஒரே சிரிப்பு. "பேசுறதுக்குக்கூட ஒரு படிப்பா? நம்மூர்ல எவன் வாய மூடிக்கினு இருக்கிறான்? பேசாம இருக்கிறதுக்கு எதுனா படிப்பு இருந்தா சொல்லு, உங்கம்மாவ சேத்து வுடலாம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தார். சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, பேசுவது இந்தப் படிப்பில் பாதிதான். நாக்கு, உதடு, தொண்டை எல்லாம் பேசுவதற்கு முன்னால் விழுங்குவதற்காக ஏற்பட்டவை. அதனால் விழுங்க முடியாதவர்களும் எங்கள் கணக்கில்தான் வருவார்கள்.

தொண்டையில் சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாம் விழுங்கும்போது மூச்சு வழி தானாக மூடிக்கொள்ளும். வாதம் வந்தவர்களுக்கு அந்த மூடி சில நேரம் சரியாக மூடாது. குடித்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அதில் ஒரு கெடுதல் என்னவென்றால், சிலருக்கு இருமலே வராது. நல்லாத்தானே குடித்தார் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். சில நாளில் காய்ச்சல் கண்டு, சளி கட்டி, ஆள் போய்விடுவார்.

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. இளநீர் வரும், சோடா வரும், அவலூர்பேட்டை அத்தை ஃபிளாஸ்க்கில் பால் கொண்டு வருவார். கொண்டு வந்ததைக் கொடுத்துவிட்டுப் போனால் தொல்லையில்லை. படுத்திருக்கிறவர் வாயில் தன் கையால் ரெண்டு சொட்டு விட்டால்தான் வந்தவர் மனசு ஆறும். கோயில் தீர்த்தம் கொண்டு வருகிறவர்களும் உண்டு, ஓதிய தண்ணீர் கொண்டு வருகிறவர்களும் உண்டு. எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தோடுதான் நான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கடவுளே வாயருகே வந்து நின்றது அன்றைக்குத்தான்.

துணுக்கு போதும்

மறுநாள் காலையில் என் அறை வாசலில் சாமியார் நின்றார். அங்கி இல்லை, பேன்ட் சட்டை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாரானேன்.

"நேத்து என்மேல தப்பு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுத்திருக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டார். சண்டைக்குத் தயாரானவளிடம் இப்படிப் பேசினால் அவள் என்ன செய்வாள்? டீ வரவழைத்தேன்.

"அப்பம் காஞ்சி இருக்கிறதுதான் பிரச்சனைன்னா, திராட்சை ரசம் ஒரு சொட்டு விடலாமா டீச்சர்? அதுவும் நன்மைதான்."

"அது இன்னும் மோசம் சாமி. தண்ணி மாதிரி இருக்கிறது சட்டுனு ஓடும். மூடி மூடுறதுக்குள்ள உள்ள போயிடும். கெட்டியா இருந்தாத்தான் மெதுவா இறங்கும்."

அவர் யோசித்தார். "முழு அப்பம் வேணும்னு இல்ல. எங்க நம்பிக்கைப்படி ஒரு துணுக்குலயும் முழு ஆண்டவர் இருக்கார்."

"துணுக்குன்னா எவ்வளவு?"

மேசையில் கிடந்த பிஸ்கட்டிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு பொடியைக் கிள்ளிக் காட்டினார். எனக்கு உள்ளே ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. அந்த அளவு என்றால், இன்று முடியாவிட்டாலும் ஒரு நாள் முடியும்.

கீழே வார்டில் நிலைமை வேறு. நான் கிட்டே போனாலே அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உதட்டுப் பயிற்சிக்கும் திறக்கவில்லை, நாக்குப் பயிற்சிக்கும் திறக்கவில்லை. ஜெயராணி அக்கா யார் என்று செஞ்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவண்ணாமலை ரோட்டில் டிபன் கடை வைத்திருப்பவர். பஸ்ஸை அவர் கடைக்கு முன்னால் நிறுத்தினால் டிரைவர், கண்டக்டர் இருவர் காதும் கிழியும். கோட்டை பார்க்க வரும் கூட்டம் இப்போது கூடிவிட்டதால் குரலும் கூடியிருந்தது. அந்த மனுஷி ஒரு சொல் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அவர் கணவர் சவரிமுத்து அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். "நா இன்னா பண்ணட்டும் டீச்சர்? மொதல்ல நன்மை, அப்புறந்தான் மத்ததுன்னு நெனைக்கிறா போல. அவ நெனச்சா நெனச்சதுதான்" என்று தலையைச் சொறிந்தார்.

சாமியார் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். "அக்கா, நம்ம ஊர்த் திருவிழா வருதில்ல? அன்னிக்குப் பூசையில நான் உங்களுக்கு நன்மை குடுக்கணும். அதுக்கு டீச்சர் சொல்றத நீங்க கேக்கணும். டீச்சர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் குடுக்க மாட்டேன்."

அக்கா சுவரை விட்டு என் பக்கம் திரும்பி, வாயைக் கொஞ்சமாகத் திறந்தார்.

கூழும் களியும்

அதற்குப் பிறகு எல்லாம் நாக்கோடு நடந்த வேலை. நாக்கை வலது கன்னத்தில் முட்டு, மேலே ஒட்டு, முக்கி விழுங்கு. வலது பக்கம் செத்துக் கிடந்தது, இடது பக்கம் நன்றாகவே இருந்தது. முகவாயை நெஞ்சில் பதித்துக்கொண்டு விழுங்கச் சொல்வேன். தலை குனிந்தால் மூச்சு வழி நன்றாக மறைந்துகொள்ளும்.

கெட்டியான ஆகாரத்துக்குக் கடையில் பவுடர் கிடைக்கும். விலையைக் கேட்டால் நோயாளிக்கு மறுபடியும் வாதம் வரும். எனக்கு எதற்கு அந்த வம்பு, நம்மிடம் கேழ்வரகு இருக்கிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது, தயங்கித் தயங்கி விழ வேண்டும், அந்தப் பதத்தில் கூழ் என்று சவரிமுத்து அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் தூக்குச்சட்டியைத் திறந்தால் கரண்டி நட்டமாக நின்றது.

"அண்ணே, இது கூழா களியா?"

"கெட்டியா இருந்தா நல்லதுன்னீங்களே. இன்னும் கொஞ்சம் நல்லதா இருக்கட்டும்னு கிண்டிட்டேன்."

அப்போதுதான் அக்கா வாதம் வந்தபிறகு முதல் முதலாகப் பேசினார். வார்த்தை குழறிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் வார்டுக்கே புரிந்தது.

"என்ன கொல்றதுக்கு இவரே போதும்."

நானும் நர்ஸுகளும் சிரித்த சிரிப்பில் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு மாலையே அண்ணன் சரியான பதத்தில் கொண்டு வந்தார். பாண்டிச்சேரிக்கு அனுப்பி, தொண்டைக்குள் கேமரா விட்டும் பார்த்தோம். கூழ் சரியான வழியில் இறங்கியது. சில வாரத்தில் மூக்குக் குழாயை எடுத்தோம். அடுத்து நன்றாகக் குழைத்த இட்லி வந்தது. தன் கடை இட்லியையே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாவுல உப்பு பத்தல. எவ அரைச்சா?" என்றார் அக்கா.

மேடையும் சால்வையும்

கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு என் பெருமையைப் பேசிக்கொள்கிறேன். இந்த வருஷம் அதற்கு எனக்குத் தகுதி உண்டு.

சாமியார் கை விவகாரம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. அல்போன்ஸ் நிர்வாகத்திடமே போய்ப் புகார் சொன்னார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டபோது, இதுதான் சமயம் என்று நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை மறுபடியும் கேட்டேன். வாதம் என்று யார் வந்தாலும் தொண்டையைச் சோதிக்காமல் வாயில் ஒரு சொட்டும் போகக் கூடாது. நான் இல்லாத நேரத்தில் முதல் சோதனையைச் செய்ய நர்ஸுகளுக்கு நான் கற்றுத்தருகிறேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமியார் கையையே புடிச்சிட்ட. நான் முடியாதுன்னா என் கழுத்தப் புடிப்ப" என்று சொல்லிச் சம்மதித்தார்.

எங்கள் தொழில்காரர்கள் விழுப்புரத்தில் ஒரு விழா நடத்தி எனக்குச் சால்வை போட்டார்கள். குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லித்தரும் சகோதரி என்று அறிமுகம் செய்தார்கள். மேடையில் டாக்டர்கள், அதிகாரிகள் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதிவைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டு, "எல்லாரும் வாயத் திறங்க. மூடாம எச்சிலை முழுங்கிக் காட்டுங்க" என்றேன்.

நீங்களும் செய்து பாருங்கள். பத்திரிகையைக் கீழே வைக்க வேண்டாம், வாயை மட்டும் திறந்தால் போதும்.

மண்டபம் முழுக்க ஆ என்று திறந்த வாய்கள். மேடையில் இருந்த ஓர் அதிகாரி முயன்று பார்த்துக் கண்ணில் நீர் வந்து இருமினார். "உதடு மூடலைன்னாலே நமக்கு இவ்ளோ கஷ்டம். பாதி வாய் செயலிழந்தவங்களுக்கு இளநீர் ஊத்துறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் வர ஒரு நிமிஷம் ஆனது. வாயை மூடிக்கொண்டு தட்ட வேண்டுமே. அதன் பிறகு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து நர்ஸுகளுக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். எனக்கு உதவியாக அனந்தபுரத்துப் பெண் ஒருத்தியை வேலைக்கும் எடுத்தார்கள். வருஷக்கணக்காகத் தனி ஆளாக இருந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், சால்வையைவிடப் பெரியது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாமியார் மைக்கில் அறிவிப்புகள் வாசிப்பார். கல்யாண ஓலை, மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்ட நன்கொடை, அதற்கு நடுவே, "வாதம் வந்தவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் கேட்காமல் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நானும் கேட்டுவிட்டுத்தான் நன்மை கொடுப்பேன்" என்று வாசித்தார். அதைக் கேள்விப்பட்டு ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலும் சொன்னார்கள். எங்கள் ஊர் அம்மன் கோயில் பூசாரி கொஞ்சம் முரண்டு பிடித்தார். நைனா போய்ப் பேசினார். இந்தப் படிப்பைக் கிண்டல் செய்த அதே நைனாதான்.

அப்பத்தைப் பார்த்தால் மட்டும்

திருவிழா நெருங்கியது. நிஜ அப்பத்தோடு பயிற்சி செய்தாக வேண்டும். கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள்தான் பங்குக் கோயிலுக்கு அப்பம் சுடுகிறவர்கள். ஒரு சிஸ்டர் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

டப்பாவைத் திறந்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார். "இத வெச்சியா பழகுறது? பாவம் டீச்சர்."

"பூசையில வைக்காத வரைக்கும் இது கோதுமை மாவும் தண்ணியுந்தான் அக்கா" என்றார் சிஸ்டர். "கருகுனத நாங்களே டீக்குத் தொட்டுக்கிறோம்." அதற்குப் பிறகுதான் அக்கா சம்மதித்தார்.

குழைத்த இட்லியை அழகாக விழுங்குகிறவர் துணுக்கு அப்பத்துக்கு இருமினார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். அப்பம் காய்ந்திருப்பதால் ஒட்டுகிறதோ என்று நினைத்து, துணுக்கைக் கூழில் தோய்த்துக் கொடுத்தேன். அதற்கும் இருமல். அடுத்த நாளும் இருமல்.

"வுடு டீச்சர்" என்றார் அக்கா. கண்ணில் நீர் இருமலால் வந்ததா அழுகையால் வந்ததா என்று தெரியவில்லை. "இட்லி எறங்குது, கூழு எறங்குது. இது மட்டும் எறங்கல. ஆண்டவருக்கு நா வேணாம் போல இருக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆண்டவர் மேல பழி போடாதீங்க அக்கா. இது தொண்டை விஷயம். அத கண்டுபுடிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் எனக்கும் கலக்கம்தான். திருவிழாவுக்கு முடியாமல் போனால் இந்த மனுஷி மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், இட்லியும் வேண்டாம் என்பார் என்று தோன்றியது.

மறுநாள் நான் கொடுக்கவில்லை. சிஸ்டரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று கழுத்தை மட்டும் பார்த்தேன். முதலில் ஒரு வாய் இட்லி. அக்கா முகவாயை நெஞ்சில் பதித்தார், விழுங்கினார், அருமையாக இறங்கியது. அடுத்து சிஸ்டர் அப்பத்துணுக்கை எடுத்தார். அக்காவின் கண் தானாக மூடியது. முகம் தானாக மேலே அண்ணாந்தது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் தடவையாகப் புதுநன்மை வாங்கிய சின்ன வயதிலிருந்து அக்கா இப்படித்தான் வாங்கியிருக்கிறார். முழங்காலிட்டு, நின்றுகொண்டிருக்கும் சாமியாரை நோக்கி முகத்தைத் தூக்கி, நாக்கை நீட்டி. அப்பத்தைப் பார்த்தாலே பக்தி வந்துவிடும், பக்தி வந்தால் தலை மேலே போய்விடும், தலை மேலே போனால் மூச்சு வழி திறந்துகொள்ளும். எத்தனை தடவை குனியச் சொன்னாலும், மண்டையை ஆட்டிவிட்டு அடுத்த நொடியே அண்ணாந்தார். அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

என் அறையில் குழந்தைகள் உட்காரும் குட்டி ஸ்டூல் ஒன்று உண்டு. அதில் நான் உட்கார்ந்துகொண்டேன். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, கீழேயிருந்து துணுக்கை நீட்டினேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்தார். இடது பக்க நாக்கில் வைத்தேன். ஒரு விழுங்கு, இன்னொரு விழுங்கு, பின்னாலேயே ஒரு கரண்டி கூழ். இருமல் இல்லை. மறுபடியும் கொடுத்தேன். அப்போதும் இல்லை. சிஸ்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க நின்னுக்கினு குடுத்தா அண்ணாந்துடுவாங்க. அவங்களவிடத் தாழ இருந்து குடுக்கணும் சாமி."

"தாழன்னா?"

"ஸ்டூல்ல உக்காரலாம். இல்லன்னா முட்டி போடலாம்."

அவர் முகம் யோசனையில் ஆழ்ந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். கையில நன்மைய வெச்சிக்கினு சாமியார் ஒருத்தர் முன்னாடி முட்டி போட்டார்னா, ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பாக்கலாம்." செய்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திருவிழாப் பூசை

அனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் அக்காவின் கிராமத்துக்குக் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். தெருவெல்லாம் கலர் காகிதம். கோயிலுக்குள் மல்லிகையும் சாம்பிராணியும் வேர்வையுமாக மணத்தது. சவரிமுத்து அண்ணன் லோடு ஆட்டோவில் நாற்காலியோடு அக்காவை ஏற்றிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். பட்டுச்சேலை, தலையில் முக்காடு. மடியில் துணி போட்டு மூடிய கூழ்க் கிண்ணம்.

அல்போன்ஸ் என்னைப் பார்த்தார். வணக்கமும் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

நன்மை நேரம் வந்தது. ஜனம் வரிசையில் நின்றது. சாமியார் பீடத்திலிருந்து இறங்கி, முதலில் நேராக அக்காவிடம் வந்தார். அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் அக்காவின் முகம் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன்.

சாமியார் நின்றார். பாத்திரத்தைப் பக்கத்திலிருந்த சிஸ்டரிடம் கொடுத்தார். துணுக்கை மட்டும் விரலில் வைத்துக்கொண்டு, மறு கையால் பூசை உடுப்பைக் கூட்டிப் பிடித்து, தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார்.

கோயில் முழுக்கச் சலசலப்பு. அக்கா பதறிப்போனார். "ஐயோ சாமி, எந்திரிங்க. நீங்க போய் என் முன்னாடி…" என்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தார்.

"நீங்க குனிங்க அக்கா" என்றார் சாமியார், அவரை அண்ணாந்து பார்த்து. "வாங்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அக்கா கைப்பிடியை விட்டார். மெதுவாகத் தலை குனிந்தார். "ஆமென்" என்றார். துணுக்கு நாக்கின் இடது பக்கம் போயிற்று. முகவாய் நெஞ்சில் பதிந்தது. கழுத்து ஒரு தடவை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை. சவரிமுத்து அண்ணன் ஒரு கரண்டி கூழ் கொடுத்தார். மறுபடி ஏறி இறங்கியது.

இருமல் வரவில்லை. ஆனால் இருமல் வராததை வைத்து நான் நிம்மதியடைய முடியாது. பேசச் சொல்லிக் கேட்க வேண்டும். ஏதாவது மேலேயே தங்கியிருந்தால் குரலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் வரும். நன்மை வாங்கியவுடன் ஜெபத்தில் இருக்கிறவரிடம் போய்ப் பேசு என்று யார் சொல்வது? அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. பாட்டுக்காரர்கள்கூடப் பாட்டை ஆரம்பிக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகம்.

ஒரு வழியாக அக்கா கண்ணைத் திறந்தார். எதிரே சாமியார் இன்னும் தரையிலேயே, என்னைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாமி, இன்னும் முட்டி போட்டுக்கினே இருக்கீங்க?" திருவண்ணாமலை ரோட்டில் பஸ்ஸை நகர்த்தச் சொல்லும் அதே அதட்டல், வார்த்தை மட்டும் லேசாக வழுக்கியது. "அதெல்லாம் எறங்கிடுச்சி. எந்திரிங்க, ஜனம் நிக்குது பாருங்க!"

கோயிலே சிரித்தது. தெளிவான குரல். கொப்பளிப்பு துளியும் இல்லை. நான் பெஞ்சில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.